அங்கி அணியாத சட்டக்காரர்கள்

உச்ச நீதிமன்ற நீதிபதியாக வருவதற்கு அரசமைப்புச் சட்டத்தின் 124ஆவது பிரிவு மூன்று வாசல்களை வைத்திருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ஐந்தாண்டு நீதிபதியாக இருந்திருக்க வேண்டும். அல்லது பத்தாண்டு வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும். அல்லது குடியரசுத் தலைவரின் கருத்தில் சிறந்த சட்ட அறிஞராக இருக்க வேண்டும். முதல் வாசலில் எப்போதும் நெரிசல். இரண்டாவது வழியாக அவ்வப்போது ஒருவர் வருகிறார். மூன்றாவது வாசல் 1950 முதல் இன்றுவரை திறக்கப்பட்டதே இல்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு பேராசிரியர் ஃபெலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டர் 1939இல் வகுப்பறையிலிருந்து நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் தலைவர் பிரெண்டா ஹேல், மான்செஸ்டரில் பதினெட்டு ஆண்டுகள் பாடம் நடத்தியவர். நம் நாட்டில் சட்டம் சொல்லிக்கொடுப்பவர் வேறு, சட்டத்தைத் தீர்மானிப்பவர் வேறு என்ற எண்ணம் ஆழமாக வேரோடியிருக்கிறது.

வழக்காடவும் சட்டம் சொல்லிக்கொடுப்பவருக்கு வழியில்லை. முழுநேரச் சம்பளம் வாங்கும் சட்ட ஆசிரியர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. வழக்கறிஞர் ஒருவர் நாளுக்கு மூன்று மணி நேரம் வரை சட்டக் கல்லூரியில் பாடம் எடுக்கலாம் என்று ஒன்றிய அரசின் 1979ஆம் ஆண்டு விதி அனுமதிக்கிறது. ஆசிரியர் நீதிமன்றத்துக்குப் போக அப்படி மூன்று மணி நேரம் கிடையாது. மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் காலையில் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பிற்பகலில் பாடம் எடுப்பதை இயல்பாக ஏற்கும் நாம், சட்டப் பேராசிரியர் வழக்கு நடத்தக் கூடாது என்பதையும் அதே இயல்போடு ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

ஆக, நீதிபதி நாற்காலியும் இல்லை, வழக்கறிஞர் அங்கியும் இல்லை. இப்படிப்பட்டவர்கள் என்ன சாதித்திருக்கிறார்கள்? அண்மை ஆண்டுகளின் வரவைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. இந்தியச் சட்ட ஆசிரியர்களின் பெரிய வேலைகள் பெரும்பாலும் வேறொருவர் பெயரில்தான் வெளியே வருகின்றன: ஒரு தீர்ப்பாக, ஒரு சட்டத்திருத்தமாக, சிறையிலிருந்து ஒருவரின் விடுதலையாக. அந்த வேலையின் வடிவமும் கடந்த பதினைந்து ஆண்டுகளில் மாறிவிட்டது. அதை அளக்க நம்மிடம் இருக்கும் கோல் மட்டும் மாறவில்லை.

பழைய வடிவத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு. நாடாளுமன்றத்தால் அரசமைப்பைத் திருத்த முடியும், அதன் அடிப்படையை அழிக்க முடியாது என்று 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லோரும் அறிவர். அந்தச் சிந்தனையின் வித்து 1965 பிப்ரவரியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சொற்பொழிவில் இருந்தது. பேசியவர் ஹைடல்பெர்க்கைச் சேர்ந்த டீட்ரிஷ் கான்ராட். திருத்தும் அதிகாரத்தைக் கொண்டு முகலாயப் பேரரசரையோ இங்கிலாந்து அரசரையோ திரும்பக் கொண்டுவர முடியுமா என்பது போன்ற குறும்பான கேள்விகளை அவர் அங்கே அடுக்கினார். அந்தக் கட்டுரை கருத்து கேட்டுச் சென்னையில் இருந்த பேராசிரியர் டி.எஸ். ராமராவுக்கு அனுப்பப்பட்டது. அங்கிருந்துதான் அது வழக்கறிஞர் எம்.கே. நம்பியாரின் கவனத்துக்கு வந்தது. கோலக்நாத் வழக்கில் அவர் அதை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார். அப்போது அது பெரிதாக எடுபடவில்லை. ஆறு ஆண்டு கழித்து நீதிபதி எச்.ஆர். கன்னா தன் தீர்ப்பில் கான்ராடின் எழுத்தை மேற்கோள் காட்டினார். அந்த எழுத்து வெளிவந்த சர்வதேச விவகார ஆண்டு மலரும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையதே. ஒரு சொற்பொழிவு, கருத்துக்காகக் கைமாறிய ஒரு தட்டச்சுப் பிரதி, ஓர் ஆண்டு மலர். எந்தத் தரவரிசைக்கும் அகப்படாத இந்தச் சங்கிலி இன்றைய இந்திய அரசமைப்பைத் தாங்கி நிற்கிறது.

இன்னொரு பழைய வடிவம் கடிதம். மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள்ளேயே ஓர் ஆதிவாசிச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில், உடலில் காயம் இல்லை, ஆகவே சம்மதம் இருந்திருக்க வேண்டும் என்ற தர்க்கத்தில் உச்ச நீதிமன்றம் 1978இல் இரண்டு காவலர்களையும் விடுவித்தது. மறு ஆண்டு செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். பணிந்துபோவதும் சம்மதிப்பதும் ஒன்றா என்பதுதான் அதன் மையக் கேள்வி. தீர்ப்பை மாற்ற அந்த மடலால் முடியவில்லை. ஆனால் பெண்கள் அமைப்புகள் அதைக் கையில் எடுத்துக்கொண்டன. 1983இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது: காவலில் நடக்கும் வன்கொடுமை தனிக் குற்றமானது, அத்தகைய வழக்கில் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அப்படியே அனுமானிக்க வேண்டும் என்ற விதி வந்தது, பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடத் தடையும் வந்தது. அந்த வழக்கை நாடு முழுவதும் அந்தப் பெண்ணின் பெயராலேயே அழைக்கிறார்கள் என்பது சட்டக் கல்லூரிகளுக்கு இன்னும் உறைக்காத ஒரு முரண். நான் இங்கே பெயர் எழுதாததற்குக் காரணம் அதுதான்.

கான்ராடும் அந்த நால்வரும் செய்தது தனிமனிதர்களின் வேலை. கூர்மையான ஒரு வாதம், நல்ல ஒரு பேனா, துணிச்சல். தீர்ப்பை உட்கார்ந்து படித்து, அதிலுள்ள ஓட்டையைச் சுட்டிக்காட்டுவது. 2010க்குப் பிறகு வந்த தலைமுறை வேறொரு கேள்வியோடு தொடங்கியது: தீர்ப்பு சொல்வது இருக்கட்டும், சிறைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அனூப் சுரேந்திரநாத் தொடங்கிய மரண தண்டனை ஆய்வு இந்த மாற்றத்தின் தெளிவான அடையாளம். சமநீதியையும் இலவசச் சட்ட உதவியையும் பேசும் அரசமைப்புப் பிரிவின் எண்ணை வைத்து அது பின்னால் புராஜெக்ட் 39ஏ என்று பெயர் பெற்றது. முதலில் அவர்கள் செய்தது எளிதாகத் தோன்றும் ஒரு வேலை: நாட்டில் எத்தனை பேர் தூக்கை எதிர்நோக்கி இருக்கிறார்கள் என்று எண்ணுவது. நம்பகமான பட்டியல் எந்த அரசுத் துறையிடமும் இல்லை. மாணவர்களும் ஆய்வாளர்களும் சிறை சிறையாகப் போனார்கள். மரண தண்டனை பெற்றிருந்த 385 பேரில் 373 பேரைப் பற்றிய விவரங்களைச் சேகரித்து 2016இல் அறிக்கையாக வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு 74 பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். 2000 முதல் 2015 வரை விசாரணை நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனைகளில் கடைசிவரை நிலைத்தவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஏறத்தாழ முப்பது விழுக்காட்டில் ஆள் நிரபராதி என்றே விடுதலை. இந்த ஓர் எண் பல சட்ட நூல்களை விடக் கனமானது. 'அரிதினும் அரிதான வழக்கு' என்ற அளவுகோலைப் பற்றி 1980 முதல் எழுதிக் குவித்தவர்கள் பலர். அந்த அளவுகோல் கீழ்நிலையில் எவ்வளவு தாறுமாறாகப் பிடிக்கப்படுகிறது என்பதை எண்ணிக் காட்டியது இவர்கள்.

அடுத்த கட்டம் இன்னும் நுட்பமானது. தண்டனை விதிக்கும்முன் குற்றவாளியின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில், குற்றம் உறுதியான அன்றோ மறுநாளோ வழக்கறிஞர் எழுந்து, "வயது குறைவு, வயதான தாய் இருக்கிறார், கருணை காட்டுங்கள்" என்று இரண்டு வரி சொல்வார். அதோடு சரி. அந்த இரண்டு வரிக்குப் பதிலாக ஒரு முழு வாழ்க்கை வரலாற்றை வைக்க முடியுமா என்று இந்தக் குழு முயன்றது. சட்டம் படித்தவர்களோடு சமூகப்பணியும் உளவியலும் படித்தவர்கள் சேர்ந்து, கைதியின் ஊருக்குப் போய், தாயிடமும் பள்ளி ஆசிரியரிடமும் பேசி, மருத்துவச் சீட்டுகளைத் தேடி எடுத்தார்கள். 2021இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு மரண தண்டனைக் கைதிகளின் மனநலத்தைப் பரிசோதித்தது. ஆராயப்பட்ட 88 பேரில் நூற்றுக்கு 62 பேருக்கு ஏதோ ஒரு மனநோய் இருந்தது. 2022 மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், குடும்பப் பின்னணி, மனநல அறிக்கை, சிறை நடத்தை ஆகியவற்றைத் தண்டனைக்கு முன்பே விசாரணை நீதிமன்றம் கேட்டுப் பெற வேண்டும் என்று வழிகாட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில், இந்த விசாரணைக்குப் போதிய அவகாசம் தருவது பற்றிய கேள்வி ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

இந்த வேலை என்ன செய்யும் என்பதற்கு ஒரே ஒரு வழக்கைக் கிட்டத்தில் பார்த்தால் போதும். 1994இல் புனேயில் ஒரே வீட்டில் ஐந்து பெண்களும் இரண்டு குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர் ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்தவர். வழக்குக் கட்டில் அவர் வயது வந்த ஆள். 1998இல் தூக்கு, 2000இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பல ஆண்டுகள் கழித்து, சம்பவத்தின்போது தான் சிறுவன் என்று அவர் மனு போட்டார். அவருக்காக நின்றது புராஜெக்ட் 39ஏ. அவருடைய ஊர்ப் பள்ளியின் பதிவேட்டில் பிறந்த தேதி இருந்தது: 1982 பிப்ரவரி 1. ஆனால் அதிலிருந்த பெயர் வேறு. நிரானாராம் என்று பள்ளியில் சேர்ந்தவர் புனேயில் நாராயண் ஆகியிருந்தார். இருவரும் ஒருவரே என்று நிறுவுவதுதான் வழக்கு முழுவதும். உச்ச நீதிமன்றம் புனே அமர்வு நீதிபதியை விசாரிக்கச் சொல்லி, அந்த அறிக்கையை ஏற்று, 2023 மார்ச் 27 அன்று அவரை விடுவித்தது. சம்பவத்தின்போது அவருக்குப் பன்னிரண்டரை வயது. சிறையில் கழிந்தது இருபத்தெட்டு ஆண்டுகளுக்கும் மேல். இதில் புதிய சட்டக் கோட்பாடு எதுவும் கிடையாது. எந்த ஆய்விதழும் இதை ஆராய்ச்சி என்று அச்சிடாது. ஒரு பல்கலைக்கழகத் துறை ஓர் ஆண்டு முழுவதும் வெளியிடும் கட்டுரைகளைத் தட்டின் ஒரு பக்கத்திலும் இந்தப் பள்ளிப் பதிவேட்டை மறுபக்கத்திலும் வைத்தால் எது கனக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஹைதராபாத் நல்சார் பல்கலைக்கழகத்தின் கதை கொஞ்சம் மாறுபட்டது. அங்கே பேராசிரியர் அமிதா தாண்டா மனநலமும் சட்டமும் சந்திக்கும் இடத்தைப் பற்றி 2000இலேயே நூல் எழுதியவர். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை உருவான பேச்சுவார்த்தைகளில் பங்கெடுத்தார். மனநோய் உள்ளவர்களும் சட்டத்தின் முன் முழு மனிதர்களே, அவர்கள் இடத்தில் இன்னொருவர் முடிவெடுக்க வேண்டியதில்லை, முடிவெடுக்கத் துணை நின்றால் போதும் என்ற வாதத்தை இந்தியாவிலிருந்து விடாமல் சொன்னவர்களில் முக்கியமானவர். அந்த அடித்தளத்தில் எழுந்த நல்சாரின் மாற்றுத்திறன் ஆய்வு மையத்திடம் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமே ஒரு வேலையைக் கொடுத்தது. பொது இடங்களை எல்லோரும் அணுகும்படி செய்யக் கோரி 2005இல் தொடுத்த ராஜீவ் ரதூரி வழக்கில், முந்தைய உத்தரவுகள் நாடெங்கும் எந்த அளவுக்கு நிறைவேறியிருக்கின்றன என்று பார்த்துச் சொல்லும் வேலை அது. மையத்தின் அறிக்கை களத்தோடு நிற்காமல் சட்டத்தின் உள்முரணையும் பிடித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் அணுகல்தன்மையைக் கட்டாயம் என்கிறது. அதன் கீழ் வந்த விதிகளின் 15ஆவது விதியோ வெறும் வழிகாட்டுதல்களைக் கோத்துவைத்திருக்கிறது. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதி மூலச் சட்டத்தை மீறுவதாகச் சொல்லி, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. சட்ட ஆசிரியர்களை நீதிமன்றம் தானே அழைத்து, கண்ணும் காதுமாக வைத்துக்கொண்ட இதுபோன்ற நிகழ்வு நம் வரலாற்றில் அபூர்வம்.

அங்கி இல்லாமலே நீதிமன்றத்தில் நிற்க இன்னொரு வழியைக் கண்டவர் ஷம்நாத் பஷீர். கொல்கத்தா தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் காப்புரிமைச் சட்டம் நடத்தியவர். புற்றுநோய் மருந்து பற்றிய நோவார்ட்டிஸ் வழக்கில் எந்தத் தரப்பையும் சாராத கல்வியாளராக உச்ச நீதிமன்றத்தில் தன் வாதத்தை வைத்தார். காப்புரிமை வாங்கியவர்கள் அதை இந்தியாவில் பயன்படுத்துகிறார்களா என்று ஆண்டுதோறும் படிவம் 27இல் தெரிவிக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. பலர் தெரிவிப்பதே இல்லை என்று தோண்டியெடுத்து, 2015இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தன் பெயரிலேயே பொதுநல வழக்குப் போட்டார். கிராமத்துப் பிள்ளைகளைத் தேசியச் சட்டப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குத் தயார்படுத்த 2010இல் அவர் தொடங்கிய ஐடியா அமைப்பு அவருக்குப் பின்னும் இயங்குகிறது. 2014இல் இன்ஃபோசிஸ் பரிசு. 2019இல் அகால மரணம்.

நூல்களையும் சொல்லியாக வேண்டும். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் தண்டனை எப்படி நீதிபதிக்கு நீதிபதி மாறுகிறது, பெண்ணின் 'நடத்தை' பற்றிய பழைய எண்ணங்கள் அதில் எப்படிக் கலக்கின்றன என்று மிருணாள் சதீஷ் எழுதிய நூலைக் கேம்பிரிட்ஜ் வெளியிட்டது. பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளியில் படித்த தருணாப் கைதான், பாகுபாட்டுச் சட்டத்துக்கு ஒரு முழுக் கோட்பாட்டையே 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு வழியே தந்தார். அபர்ணா சந்திரா, சிட்டல் கலந்த்ரி, வில்லியம் ஹப்பர்டு மூவரும் உச்ச நீதிமன்றத்தின் வேலையைத் தரவுகளோடு விசாரித்த நூல் 2023இல் வந்தது. நீதிமன்றத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் அதன் தலைப்பு கொஞ்சம் மிகைதான். உள்ளே இருக்கும் கணக்கு அப்படியல்ல.

சர்வதேசச் சட்டத்தில் நம்மவர்களின் பங்கு உள்நாட்டில் அதிகம் பேசப்படுவதில்லை. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே கிழக்கிந்தியத் துறைமுகங்களில் நாடுகளுக்கிடையே சட்டம் இருந்தது என்று நிறுவிய சி.எச். அலெக்ஸாண்ட்ரோவிச் 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். அவர் கட்டுரைகள் 2017இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாகத் தொகுக்கப்பட்டபோதுதான் மேற்கே பலர் அவரைக் கண்டுகொண்டார்கள். டெல்லியில் பி.எஸ். சிம்னி, இலங்கையில் பிறந்த ஆண்டனி ஆங்கி, இலங்கைத் தமிழரான சிங்கப்பூர்ப் பேராசிரியர் எம். சோர்ணராஜா ஆகியோர் அந்தப் பாதையில் வெகுதூரம் போனார்கள். வெளிநாட்டு முதலீட்டுச் சட்டம் பற்றிய சோர்ணராஜாவின் நூல் 1994 முதல் பல பதிப்புகள் கண்டது. முதலீட்டாளருக்கு மட்டும் சாய்ந்த நடுவர் தீர்ப்பாயங்களை அவரளவுக்குக் காட்டமாக விமர்சித்தவர்கள் குறைவு.

எல்லாம் பெருமைக்குரியது என்று சொல்லிவிட முடியாது. 2020 மே மாதம் ஒன்றிய உள்துறை, குற்றவியல் சட்டங்களைச் சீர்திருத்த ஒரு குழு அமைத்தது. தலைவர், டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தர் ரன்பீர் சிங். ஐந்து உறுப்பினர்கள், ஐந்து பேரும் ஆண்கள். கொரோனா முடக்கத்தின் நடுவே இணையத்தில் வினாப்பட்டியல் போட்டுக் கருத்து கேட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் எதிர்த்தார்கள். குழுவின் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படாமலே 2023 ஆகஸ்டில் மூன்று மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் வந்தன. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுச் சட்டத்தை மாற்றும் வேலை ஒரு சட்டக் கல்வி நிறுவனத்துக்கு வந்தது தொழில்முறையில் உச்சமான அங்கீகாரம். ஆனால் விமர்சிக்க இடமின்றி, மூடிய கதவுக்குள் நடக்கும் புலமையை எப்படி மதிப்பிடுவது? 1979இன் நால்வரும் தங்கள் வாதத்தை வீதியில் வைத்தார்கள். அதே டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழக வளாகத்தின் ஒரு பகுதியிலிருந்து மரண தண்டனை அறிக்கையும் இன்னொரு பகுதியிலிருந்து இந்தக் குழுவும் வந்தன என்பது, நிறுவனத்தின் பெயர் எதற்கும் உத்தரவாதம் தராது என்பதைக் காட்டுகிறது.

இனி அளவுகோலுக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குவிதியில் ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட இதழில் ஒரு கட்டுரைக்குப் பத்து மதிப்பெண். பன்னாட்டுப் பதிப்பகம் வெளியிட்ட முழு நூலுக்குப் பன்னிரண்டு. உள்நாட்டுப் பதிப்பகம் என்றால் நூலுக்கும் பத்துதான். ஏழெட்டு ஆண்டு உழைத்து ஒரு நூல் எழுதுவதும் விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதுவதும் இந்தக் கணக்கில் ஏறக்குறைய சமம். மாநில அளவிலான கொள்கை ஆவணத்துக்கு நான்கு. அங்கீகரித்த இதழ்களின் பட்டியலை 2019 முதல் கேர் என்ற பெயரில் பராமரித்தார்கள். 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் கொழித்தன. அதில் ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பதவி உயர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் சந்தை விற்கும். தேசியத் தரவரிசை 2018 முதல் சட்டக் கல்வி நிறுவனங்களையும் தனியே வரிசைப்படுத்துகிறது. அங்கும் வெளியீடுகளை எண்ணப் பன்னாட்டு மேற்கோள் தரவுத்தளங்கள்தான். மேலே சொன்ன பள்ளிப் பதிவேட்டுக்கு அவற்றில் இடமே இல்லை.

மேலே வந்த பெயர்களை இன்னொரு முறை பார்த்தால் வேறொன்றும் தெரியும். டெல்லி, பெங்களூர், ஹைதராபாத், கொல்கத்தா; அதோடு வெளிநாடு. 1980களின் இறுதியில் மாதவ மேனன் பெங்களூரில் ஐந்தாண்டுப் படிப்போடு தொடங்கிவைத்த தேசியச் சட்டப் பள்ளி மாதிரி இன்று இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களாகப் பெருகியிருக்கிறது. 2013 முதல் திருச்சியிலும் ஒன்று இயங்குகிறது. ஆனால் நாட்டில் உள்ள சட்டக் கல்லூரிகள் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல். தரம் குறைகிறது என்று பார் கவுன்சிலே 2025 ஆகஸ்டில் புதிய கல்லூரிகளுக்கு மூன்றாண்டுத் தடை விதிக்கும் அளவுக்கு நிலைமை போயிருக்கிறது. தமிழ்நாட்டில் வழக்கறிஞராகும் பெரும்பாலோர் தேசியச் சட்டப் பள்ளியில் படித்தவர்கள் அல்லர்; அரசுச் சட்டக் கல்லூரிகளில் படித்தவர்கள். அங்கே பாடம் எடுப்பவர்களில் கணிசமானோர் கௌரவ விரிவுரையாளர்கள். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் ஐந்தாண்டு ஆய்வை எதிர்பார்க்க முடியாது. தேர்வைத் தமிழில் எழுதும் மாணவருக்கு ஒப்பந்தச் சட்டத்தையோ சாட்சியச் சட்டத்தையோ தெளிவாகச் சொல்லும் ஒரு தமிழ்ப் பாடநூலை எழுதினால் அது ஆயிரக்கணக்கான வழக்கறிஞர்களின் சிந்தனையைத் தீர்மானிக்கும். மதிப்பெண் அட்டவணையில் அதற்குப் பத்துக்கு மேல் கிடைக்காது. 'பாடநூல்தானே' என்று அதையும் குறைக்கும் தேர்வுக் குழுக்கள் உண்டு.

வழி அடைபட்டுக் கிடக்கிறது என்றும் சொல்வதற்கில்லை. பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் மூத்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் சட்ட உதவி மையம் நடத்த வேண்டும். பெரும்பாலான இடங்களில் அது ஒரு பெயர்ப்பலகையும் ஆய்வுக்குழு வரும்போது திறக்கும் ஓர் அறையும்தான். அதே மையத்திலிருந்து இரண்டு மாணவர்கள் மாவட்டக் கிளைச் சிறைக்குப் போய், ஜாமீன் கிடைத்தும் பிணைக்கு ஆளில்லாமல் உள்ளே இருப்பவர்களின் பட்டியலை எடுக்கலாம். பதினெட்டு வயது என்று பதிவாகியிருக்கும் பையனின் பள்ளிச் சான்றிதழைத் தேடலாம். டெல்லியில் நடந்தது அடிப்படையில் இந்த வேலைதான். அதற்குப் பன்னாட்டு நிதி வேண்டியதில்லை. ஓர் ஆசிரியரின் வாரத்தில் இரண்டு பிற்பகலும், சிறைக் கண்காணிப்பாளருக்கு கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட ஒரு கடிதமும் வேண்டும். அந்த இரண்டு பிற்பகலை ஆய்வு மதிப்பெண் அட்டவணையின் எந்த வரிசையில் எழுதுவது என்பதற்கு மானியக் குழுவின் 2018 விதியில் இடம் ஒதுக்கப்படவில்லை.